நிற்கிற உத்தியோகம்

12 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் தம்பி பெண்டாட்டி மூவரும் நலம். அங்கே நீ, அத்தான், மூத்தவள் எல்லோர் நலமும் அறிய ஆவல்.

நிற்க. சம்பளம் ஏறிவிட்டது. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் கடிதம். மற்றதெல்லாம் அதற்குப் பின்பாட்டு.

எங்கள் சங்கச் செயலாளரை உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது வீட்டுக்கு வந்து, விசாரித்த குரலிலேயே பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பிவிட்டுப் போனாரே, அவர்தான். மைக் என்று கூப்பிடுவோம், அவருக்கு அது தேவைப்படாததால். பேச்சுவார்த்தையின் கடைசி நாளில் நிர்வாகம் நாங்கள் கேட்டதில் பாதிக்கு வந்தது. மைக் ஒன்றும் பேசாமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. மேலாளர் அதிலேயே பயந்துபோனார் என்று நினைக்கிறேன். வாசல்வரை வந்த எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் நல்ல ஏற்றம்.

சந்தா கட்டாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கும் இதே ஏற்றம்தான். மறுநாளே அசட்டுச் சிரிப்போடு வந்து ரசீது கேட்டார்கள். மைக் அவர்களைத் திட்டவில்லை. எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது.

அக்கா, நீயும் நானும் ஒரே முதலாளிக்குத்தான் டப்பா மூடி செய்கிறோம். உன்னுடையது புது ஃபாக்டரி, என்னுடையது பழையது. ஆனால் நான் வாங்குவது இப்போது நீ வாங்குவதைப்போல இரண்டு பங்கு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான். உங்கள் இடத்திலும் ஒரு சங்கம் வேண்டும். யோசி.

இப்படிக்கு,
தம்பி


20 ஜனவரி

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். நிற்க.

இந்த வார்த்தையை எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. கடிதத்தில் ‘நிற்க’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அதற்குச் சம்பளமும் வாங்குகிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். ஒருத்தன் உட்கார்ந்து தகரத்தை உள்ளே தள்ளுகிறான், மிதியை மிதிக்கிறான், பிரஸ் இறங்கி மூடியை வெட்டுகிறது. நீ பக்கத்தில் ஒரு லீவரைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறாய். உன் கல்யாணப் பேச்சின்போது பெண் வீட்டார் “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?” என்று கேட்க, நம் பெரியப்பா “நிக்கிற உத்தியோகம்” என்று சொன்னாரே, அதற்கு அன்றைக்குக் கூடம் முழுக்கச் சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. இன்றுவரை அங்கே நின்று என்ன செய்கிறாய் என்று கேட்டால் “அதெல்லாம் உனக்குப் புரியாது” என்றுதான் பதில்.

சம்பளம் ஏறியதில் எனக்குச் சந்தோஷம். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மாற்று.

ஆனால் ஒன்று. உனக்கு ஏறிய அடுத்த வாரமே எங்களுக்கும் ஏற்றினார்கள். உன் அளவுக்கு இல்லை, கொஞ்சம்தான். ஆனால் யாரும் கேட்கவில்லை, யாரும் நாற்காலியைத் தள்ளவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழாத பிள்ளைக்கும் பால் வந்தது பார். எங்கள் சூப்பர்வைசர், விசில் என்று சொல்வேனே, எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: “நாம எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி. குடும்பத்துக்குள்ள எதுக்கு சங்கம்?” எனக்கு அது தப்பாகப் படவில்லை. இங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்கள். மூத்தவளையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உன் ஃபாக்டரியில் கடைசியாகப் புது ஆள் எடுத்தது எப்போது? சொல்லு பார்க்கலாம்.

அக்கா


3 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிற்க. (சிரித்துக்கொள்.)

எங்கள் கேட்டில் நாங்கள் கத்தியது உங்கள் கேட்டுக்குள் கேட்டிருக்கிறது. அதனால்தான் கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் யாராவது சங்கம் என்று வாயைத் திறப்பதற்கு முன் வாயில் ஒரு மிட்டாய். மிட்டாய் நன்றாக இருந்தால் அது யார் வாங்கியது என்றும் தெரிந்துகொள்.

புது ஆள் எப்போது எடுத்தார்கள் என்று கேட்டாய். எடுத்து வெகுகாலம் ஆகிறது. ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. இதை மைக்கிடம் கேட்டேன். “முதல்ல உள்ள இருக்கிறவனைக் காப்பாத்துவோம், அப்புறம் வெளிய நிக்கிறவனைப் பாப்போம்” என்றார். சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவ்வளவு சரியாகப் படவில்லை.

இன்னொரு விஷயம். கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து எங்கள் பிரஸ் வரிசையைச் சுற்றிப் பார்த்தார்கள். மூன்று மிஷின்களில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னுடைய ஏழாம் நம்பரும் அதில் ஒன்று. சம்பளம் கூடினதும் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். “ஒரு மிஷினுக்கு ரெண்டு ஆளா?” என்று அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார், உன்னைப்போலவே.

தம்பி


26 பிப்ரவரி

தம்பிக்கு,

நலம். நிற்க. உன் மிஷின் இங்கே வந்துவிட்டது.

நேற்று லாரியில் மூன்று பிரஸ்களை இறக்கினார்கள். பழைய இரும்பு, எண்ணெய் நாற்றம். நான் பேக்கிங்கிலிருந்து வேடிக்கை பார்க்கப் போனேன். ஒன்றின் லீவரில் பச்சைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். நம் வீட்டு ஜன்னலில் தொங்கிய பழைய திரைச்சீலை. ஓரம் அடித்தது நான், என் தையல் எனக்குத் தெரியாதா? கை வழுக்காமல் இருக்கச் சுற்றினாயா? எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உன்னையே லாரியில் ஏற்றி அனுப்பியதுபோல இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. அந்த மிஷினில் உட்கார விசில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பேக்கிங்கைவிட அதிகச் சம்பளம். நான் ஒருத்திதான், பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. “இங்க யாரும் சும்மா நிக்கிறதில்லம்மா” என்றார். மூத்தவளுக்கு என் பேக்கிங் இடத்தைத் தருவதாகவும் பேச்சு. அத்தானுக்கு இப்போது லோடு சரியாகக் கிடைப்பதில்லை. லாரி நாள் கணக்கில் ஷெட்டில் நிற்கிறது. நம் வீட்டில் எல்லாமே நிற்கிறது.

எனக்கு இந்த வேலை வேண்டும். ஆனால் அது உன் வேலை. என்ன செய்யட்டும், சொல்லு.

அக்கா


4 மார்ச்

அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அந்த மிஷினில் உட்காராதே.

இங்கே நாங்கள் வேலை நிறுத்தத்தில் இருக்கிறோம். மிஷின்களைத் திருப்பிக் கொண்டுவரும்வரை யாரும் உள்ளே போவதில்லை என்று முடிவு. மழை வெயில் பார்க்காமல் கேட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஏழாம் நம்பர் மிஷினில் யார் உட்கார்ந்தாலும் அது எங்கள் முதுகில் குத்துவதுதான். அங்கே போய் என் அக்காவே உட்கார்ந்தால் நான் மைக் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உட்காராதே. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தம்பி


9 மார்ச்

தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ கேட்டாயா?

உட்காராதே என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன என் மேலாளரா? நான் ‘என்ன செய்யட்டும்’ என்று கேட்டது தம்பியிடம். பதில் வந்தது சங்கத்திடமிருந்து. மைக் முகத்தில் எப்படி விழிப்பாய் என்று கவலைப்படுகிறாய். நான் மளிகைக்காரர் முகத்தில் எப்படி விழிக்கிறேன் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ‘நாங்கள் கேட்டோம்’, ‘நாங்கள் கத்தினோம்’, ‘நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்’. அந்த ‘நாங்கள்’ எதிலும் நான் கிடையாது. ‘நாம்’ என்று நீ ஒரு தடவைகூட எழுதவில்லை. விசில்கூட ‘நாம’ என்றுதான் சொல்கிறார். பொய்யாகவே இருக்கட்டும், சொல்கிறாரே!

ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்றைக்கு உனக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. அந்த ஒன்று கொஞ்சம் கூடும்போது உனக்கு முதுகில் குத்துகிறது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

நான் திங்கட்கிழமையிலிருந்து ஏழாம் நம்பரில் உட்காரப் போகிறேன். உன் பச்சைத் துணி அதிலேயே இருக்கட்டும்.

அக்கா


25 மார்ச்

அக்கா,

இதை முதலில் படி, மற்றதை அப்புறம் படி. அந்த மிஷினில் தனியாக உட்காராதே. உட்கார்ந்துகொண்டிருந்தால் உடனே எழுந்துவிடு.

உட்காராதே என்று முன்பு எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நாங்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு தடவை சொல்லி நிறுத்தமாட்டாள், அதே இடத்தில் மறுபடியும் ஒன்று வைப்பாள். மிதித்தால் ஒரு தடவை இறங்கி, மேலே போய் நிற்க வேண்டும். சூடேறினால் கிளட்ச் சரியாக விலகாது. மேலே போனது நிற்காமல் இரண்டாம் தடவை இறங்கும். மூடியை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும் நேரம் அது. நான் அந்த மிஷினுக்கு வருவதற்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தவர் ஒருநாள் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் சங்கம் சண்டை போட்டு இரண்டாவது ஆளைப் போட வைத்தது. புதுக் கிளட்ச் கேட்டோம். ஆள் போடுவது மலிவு என்றார்கள். அன்றைக்கு மலிவாகத்தான் இருந்தது.

நிற்கிற ஆளுக்கு வேலை, காதுதான். மிஷின் கெடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் மாறும். தடதடவென்று போய்க்கொண்டிருப்பது நடுவில் ஒரு ‘களுக்’ போடும், பல்லில் கல் கடித்ததுபோல. அதைக் கேட்டதும் லீவரை இழுத்து நிறுத்தி, ஆற விட்டு, கிரீஸ் வைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவன் காதுக்கு அது கேட்காது, தகரச் சத்தம் மறைத்துவிடும்.

இதை வீட்டில் சொன்னதில்லை. அம்மா பயப்படுவாள் என்று முதலில் சொல்லவில்லை. நீங்கள் சிரித்த பிறகு ரோஷத்தில் சொல்லவில்லை. போன கடிதத்தில் எழுத வந்தேன். காரணத்தைச் சொன்னால் நீ இரண்டாவது ஆளைக் கேட்டு வாங்கி மிஷினை நன்றாகவே ஓட்டிவிடுவாய், எங்கள் போராட்டம் படுத்துவிடும் என்று தோன்றியது. பேனாவை மூடிவிட்டேன். அதுதான் உண்மை.

உங்கள் ஆபீஸுக்கு டெலிபோன் செய்தேன். தொழிலாளிகளைப் போனுக்குக் கூப்பிட மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதம்.

தம்பி


2 ஏப்ரல்

தம்பிக்கு,

எழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்லச் சொல்ல மூத்தவள் எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நடுவில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. நீ அதை எழுதிய மறுநாளே இங்கே அது நடந்துவிட்டது.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். பிரஸ் இறங்கியது, ஏறியது, மூடியை எடுக்கக் கையை விட்டேன், மறுபடி இறங்கியது. அவ்வளவுதான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், இரண்டாவது கணுவரைக்கும். மற்ற மூன்றும் இருக்கின்றன. சத்தம் மாறியதா என்று யோசித்துப் பார்க்கிறேன். நீ சொன்னது சரி, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உன்னை நோக்கி விரலை நீட்டி நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்றால், நீட்டுகிற விரல்தான் இல்லை.

விசில் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். பழத்தோடு ஒரு தாளும் வந்தது. என் கவனக்குறைவால் நடந்தது என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வார்களாம். “எந்தக் கையால சார்?” என்று கேட்டேன். கட்டுப் பிரித்ததும் வருகிறேன் என்று போயிருக்கிறார். செலவு பெரிய செலவு. போட்டுவிடலாமா என்றுதான் இருக்கிறது.

அக்கா

மாமா, அம்மா தூங்கிவிட்டாள். இது நானாக எழுதுவது. வந்து பார்ப்பவர்களிடமெல்லாம் அம்மா சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீங்கள் இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம் மாமா. உங்கள்மேல் எனக்குக் கோபம். அம்மாவுக்கு இல்லையாம், எனக்கு இருக்கிறது.


8 ஏப்ரல்

அக்கா,

வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று எழுதுகிறேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. இந்தத் தடவை காரணத்தோடு சொல்கிறேன். மாமியார் இரண்டு தரம் இறங்குவாள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இங்கே என்னை நிற்க வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். தெரிந்தும் உன்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். கவனக்குறைவு உன்னுடையது என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டால், அவர்கள் கை கழுவிக்கொள்வார்கள். அடுத்து வேறு ஒருத்தியை அதில் உட்கார வைப்பார்கள்.

இதில் என்னுடைய தப்பு எவ்வளவு என்பதை நேரில் சொல்கிறேன். மூத்தவளிடம் அவள் எழுதியது சரி என்று சொல்.

தம்பி


15 மே

தம்பிக்கு,

நலம். நிற்க. இதையும் மூத்தவள்தான் எழுதுகிறாள். ஆனால் கட்டுப் பிரித்தாகிவிட்டது.

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து இங்கே உன் பேச்சுதான். கொடி இல்லை, கோஷம் இல்லை, கேட்டுக்கு எதிரே ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒற்றை ஆளாக நின்றாயே. உள்ளே போகிறவள், வெளியே வருகிறவள் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, “ஏழாம் நம்பர்ல தனியா உக்காராதீங்கம்மா, அதுக்குப் பேரே மாமியார், ரெண்டு தரம் எறங்கும்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். காவல்காரர்கள் தள்ளியதில் சட்டை கிழிந்ததைக் கூட என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். பாட்டு வந்து சொன்னாள். வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பாளே, பேக்கிங்கில், அவள்.

அந்த வாரம் ஏழாம் நம்பரில் யாரும் உட்காரவில்லை. விசில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாராம். கூப்பிட்டவள் வந்து மிஷின் பக்கத்தில் நிற்பாளாம், உட்கார மாட்டாளாம். கடைசியில் பேக்கிங் முழுக்க அங்கே வந்து நின்றிருக்கிறது. “குடும்பம் மாதிரி இருந்தோமே” என்று விசில் கெஞ்சியிருக்கிறார். பாட்டு சொன்னாளாம்: “குடும்பத்துலதான சார் மாமியாரும் இருப்பாங்க?” அந்த இடமே சிரித்ததாம். அப்புறம் ஒருத்தியும் நகரவில்லையாம்.

நிர்வாகம் இறங்கி வந்துவிட்டது. ஏழாம் நம்பருக்கு இரண்டு பேர். ஆஸ்பத்திரிச் செலவு அவர்களுடையது, தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கைக்கு ஒரு தொகை தருகிறார்கள். விரலுக்கு என்ன விலை என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவார்கள். நீ மைக்கிடம் சொல்லி அனுப்பிவைத்த ஆள் வந்து சந்தா வாங்கிக்கொண்டு போனார். இங்கேயும் கிளை ஆரம்பித்தாயிற்று. ஒன்றிரண்டு பேர் மட்டும் “நமக்கெதுக்கு வம்பு” என்று ஒதுங்கியிருக்கிறார்கள். உன்னைப்போல எனக்கு வாய் துறுதுறுக்கவில்லை. போன ஜனவரியில் நான் இருந்த இடத்தில்தானே அவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நல்லதை மட்டும் எழுதினால் அது கடிதம் இல்லை, நோட்டீஸ். ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மூத்தவளுக்குச் சொன்ன இடம் போய்விட்டது. “ரெண்டாவது ஆள் சம்பளம் எங்கேயிருந்து வரும்? இங்கேயிருந்துதான்” என்று விசில் அவளிடமே சொல்லியிருக்கிறார்.

(ஆமாம் மாமா. வெளியே நிற்கிறவள் இப்போது நான். அம்மா இதை எழுதாதே என்கிறாள், நான் எழுதுகிறேன்.)

எழுதிவிட்டாளா? சரி, இருக்கட்டும். உண்மைதானே.

அக்கா


1 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிற்க.

வேலை நிறுத்தம் முடிந்தது. சம்பளத்தில் அவர்கள் கை வைக்கவில்லை, ஏறியது ஏறியதுதான். ஆனால் மிஷின்கள் திரும்பி வரவில்லை. பிரஸ் வரிசையை மூடிவிட்டார்கள். அதில் இருந்தவர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். சங்கம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கில் பாதிகூட வந்திருக்காது என்று மைக் சொன்னார். அதுவும் உண்மை. சொல்லும்போது அவர் குரல் எழும்பவே இல்லை.

உங்கள் ஃபாக்டரியில் அந்த இரண்டாவது ஆள் வேலையைக் கேட்டு எழுதிப் போட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. ஏழாம் நம்பரை என்னைவிட யாருக்குத் தெரியும்? பதில் வந்தது. கேட்டில் நின்ற ஆளுக்கு உள்ளே நிற்க இடமில்லையாம். இப்போது ஒரு கதவுக் கீல் பட்டறையில் இருக்கிறேன். சம்பளம், ஏற்றத்துக்கு முன்னால் வாங்கியதைவிடக் குறைவு. அம்மாவுக்குக் கண்ணாடி மட்டும் மாற்றிவிட்டேன்.

“சங்கம் சங்கம்னு அலைஞ்சீங்களே, என்னத்தக் கண்டீங்க?” என்று உன் தம்பி பெண்டாட்டி கேட்டாள். உள்ளே மிஞ்சியிருப்பவர்கள் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். நானும் மூத்தவளும் வெளியே நிற்கிறோம். இரண்டும் ஒரே பேச்சுவார்த்தையில் வந்ததுதான். யோசித்துவிட்டுச் சொன்னேன்: தப்பு கேட்டதில் இல்லை. இங்கே மட்டும் கேட்டதில் இருக்கிறது. அங்கேயும் அன்றைக்கே கேட்டிருந்தால் லாரி எந்தப் பக்கம் போயிருக்கும்? அவளுக்கு அது பிடிபட்டதா தெரியவில்லை. “சரி, சாப்பிடுங்க” என்றாள்.

பட்டறையில் நாலு பேர்தான் இருக்கிறோம். அங்கே ஒரு அறுவை மிஷினுக்குக் கை படாமல் இருக்கப் போடுகிற மூடி இல்லை. நேற்று முதலாளியிடம் கேட்டேன். முறைத்தார். நாளைக்கு மறுபடி கேட்பேன்.

அக்கா, நாம் கேட்டது ஒரு ஆள். கிடைத்தது. அங்கே இப்போது யார் நிற்கிறார்கள்? காது நன்றாகக் கேட்கிற ஆளாகப் பார்த்துப் போடச் சொல்.

தம்பி


20 ஜூலை

தம்பிக்கு,

நலம். நிற்க.

இது என் கையெழுத்து. இடது கை. கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. ஒரு பக்கம் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது.

போன கடிதத்தில் ‘நாம்’ என்று எழுதியிருந்தாய். பார்த்தேன்.

மூத்தவள் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருக்கிறாள். இங்கே ஆள் எடுக்கும்போது வெளியே இருப்பவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று கிளைக் கூட்டத்தில் சொன்னேன். பாட்டு கையைத் தூக்கினாள். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். பார்க்கலாம்.

நீ கேட்டதற்குப் பதில். ஏழாம் நம்பரில் நிற்பது நான்தான். தகரத்தைத் தள்ள இந்தக் கை உதவாது. காதுக்கு ஒரு குறையும் இல்லை. லீவர் இடது பக்கம் இருப்பதும் வசதி. பச்சைத் துணி தேய்ந்துவிட்டது, ஆனால் தையல் விடவில்லை. உன்னைப் பார்த்துச் சிரித்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது கால் வலிக்கிறது. சாயங்காலம் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் எப்படியடா நின்றாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உட்காருகிறவள் சின்னப் பெண், பேக்கிங்கிலிருந்து வந்தவள். வாய் ஓயாது. வியாழக்கிழமை ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே தகரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தடதடவுக்கு நடுவில் ‘களுக்’. பல்லில் கல் கடித்த மாதிரியேதான், நீ எழுதியபடி. லீவரை இழுத்தேன். மிஷின் நின்றது.

அந்தப் பெண்ணுக்கு எரிச்சல். “ஏங்க்கா நிறுத்துனீங்க? எனக்கு எண்ணிக்கை கொறையுதுல்ல? நீங்க சும்மாதான நிக்கிறீங்க?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா ஞாபகம் வந்தது, உன் முகமும் ஞாபகம் வந்தது. ஆனால் உன்னைப்போல ‘உனக்குப் புரியாது’ என்று விடவில்லை. காரணத்தைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வலது கையைக் காட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிரீஸ் வைத்து முடித்ததும், மறுபடி தகரத்தை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சரிக்கா,” என்றாள். “நீங்க நில்லுங்க.”

அக்கா